குழந்தைக்கான ஜீவனாம்ச வழக்கில் டி.என்.ஏ. பரிசோதனை: முதல்முறை போகிறவர்களுக்கு

தந்தை யார் என்பதில் தகராறு வந்ததும் பலரும் முதலில் தேடுவது ஒரு லேப் முகவரியை. அதற்கு முன்னால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழைக் கையில் எடுங்கள். அதில் தந்தை பெயர் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? அந்தப் பெயர் யார் கையெழுத்தால் அங்கே ஏறியது? குழந்தை பிறந்த சமயத்தில் தாய் வேறு யாருக்காவது சட்டப்படி மனைவியாக இருந்தாரா? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் பரிசோதனைக்குப் போனால் அறிக்கை கைக்கு வந்துவிடும், அதை எடுத்துக்கொள்ள நீதிமன்றம்தான் மறுத்துவிடும்.

ஜீவனாம்சம் கேட்டு மனு போடப்போகும் தாய்க்கும், திடீரென்று நோட்டீஸ் வந்து கலங்கி நிற்கும் ஆணுக்கும் சேர்த்தேதான் இதை எழுதுகிறேன். நியாயம் யார் பக்கம் என்பது வழக்குக்கு வழக்கு மாறும். குழந்தையின் சாப்பாடும் படிப்பும் அதுவரை காத்திருக்காது என்பது மட்டும் எல்லா வழக்குக்கும் பொது.

முதல் படி: சட்டம் ஏற்கெனவே ஒருவரைத் தந்தையாக வைத்திருக்கிறதா?

திருமணமான பெண்ணுக்குக் குழந்தை பிறந்தால் கணவர்தான் தந்தை என்று பெரும்பாலான நாடுகளின் சட்டம் எடுத்துக்கொள்கிறது. யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். இந்த அனுமானம் எவ்வளவு உறுதியானது என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது.

இந்தியாவில் இது மிகவும் கெட்டியானது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவில் இருந்தது, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 116-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. செல்லத்தக்க திருமணம் நடப்பில் இருக்கும்போதோ, அது முடிந்து தாய் மறுமணம் செய்யாத நிலையில் 280 நாள்களுக்குள்ளோ பிறந்த குழந்தை கணவருடையதே. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் இருவரும் கூடியிருக்க வாய்ப்பே இல்லை என்று காட்டினால்தான் இது விலகும். இலங்கையின் சாட்சியக் கட்டளைச் சட்டத்திலும் அதே 112-ஆம் பிரிவு, அதே 280 நாள். அந்தக் காலத்தில் விஞ்ஞானத்தால் பதில் சொல்ல முடியாது. குழந்தைக்கு ஊர் வாயிலிருந்து பாதுகாப்பு வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட விதி அது.

இதனால் நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், டி.என்.ஏ. பரிசோதனை கேட்டதும் நீதிமன்றம் உத்தரவிட்டுவிடாது. 1993-ல் இந்திய உச்ச நீதிமன்றம், ஜீவனாம்சத்தைத் தட்டிக்கழிக்க இரத்தப் பரிசோதனை கேட்பதை வழக்கமாக அனுமதிக்கக் கூடாது என்று சொன்னது. 2014-ல், பரிசோதனை ஏற்கெனவே முடிந்து கணவர் தந்தை இல்லை என்று தெளிவாகிவிட்ட ஒரு வழக்கில், விஞ்ஞான முடிவுதான் அனுமானத்தை விட மேல் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் இன்னொரு திருப்பம்: தாயின் திருமணம் நடப்பில் இருந்தபோது பிறந்த மகன், வேறொருவர்தான் தன் உண்மையான தந்தை என்று சொல்லி அவரிடம் ஜீவனாம்சம் கேட்டார். அந்த மூன்றாம் நபரைப் பரிசோதனைக்குக் கட்டாயப்படுத்த நீதிமன்றம் மறுத்துவிட்டது. இவை ஒன்றுக்கொன்று முரண் போலத் தெரியலாம். ஒவ்வொன்றிலும் திருமணம் இருந்ததா, பரிசோதனை நடந்துவிட்டதா, யார் யாரிடம் கேட்கிறார் என்பது வேறு வேறு. உங்கள் வழக்கு இதில் எந்த ரகம் என்பதைத்தான் வழக்கறிஞரிடம் முதலில் கேட்க வேண்டும்.

திருமணம் ஆகாத பெற்றோர் என்றால் கதை வேறு. அங்கே அனுமானம் கிடையாது, தந்தைமையை நிலைநாட்ட வேண்டும். அமெரிக்காவில் மருத்துவமனையிலேயே இருவரும் ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடலாம். அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். 60 நாள்களுக்குள் திரும்பப் பெறலாம். அதன் பிறகு மோசடி, மிரட்டல், உண்மை நிலவரத்தில் பெரிய தவறு ஆகிய காரணங்களுக்காக மட்டுமே எதிர்க்க முடியும். குழந்தை பிறந்த சந்தோஷத்தில் வாசிக்காமல் போடும் கையெழுத்து அது. மனதில் சிறிய சந்தேகம் இருந்தாலும், கையெழுத்துக்கு முன்னால் பரிசோதனை கேட்பதில் எந்த அவமரியாதையும் இல்லை. ஐந்து வருஷம் கழித்துக் கேட்பதைவிட அது குழந்தைக்கு எவ்வளவோ நல்லது.

இரண்டாம் படி: நோட்டீஸை ஒதுக்கி வைக்காதீர்கள்

இது ஆண்களுக்கு. "என் குழந்தை இல்லை, நான் ஏன் போக வேண்டும்?" என்று சம்மனை அலமாரியில் வைத்துவிடுபவர்கள் நிறைய. போகாவிட்டால் வழக்கு நிற்காது. உங்களைக் கேட்காமலேயே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரும். அதில் நீங்கள் தந்தை என்றே எழுதப்படலாம். பிறகு அதை மாற்றுவது, முதல் வாய்தாவுக்குப் போயிருந்தால் ஆகியிருக்கும் வேலையைப் போலப் பல மடங்கு. குறிப்பிட்ட தேதிக்குள் பதில் கொடுங்கள். பதிலில் தந்தைமையை மறுக்கிறேன், பரிசோதனை கோருகிறேன் என்று தெளிவாக எழுதுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது.

தாய்மார்களுக்கு ஒன்று: மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். ஜீவனாம்சம் எந்த நாளிலிருந்து கணக்கிடப்படும் என்பதில் மனு போட்ட தேதி பல நாடுகளில் முக்கியம். மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்தே வழங்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2020-ல் சொன்னது. பரிசோதனை முடிவு வந்த பிறகு மனு போடலாம் என்று காத்திருந்தால் அந்த மாதங்கள் போனது போனதுதான். மனுவோடு சேர்த்தே இடைக்கால ஜீவனாம்சமும் கேளுங்கள். முறைப்படி திருமணம் நடக்காத உறவில் பிறந்த குழந்தைக்கும் இந்தியாவில் ஜீவனாம்ச உரிமை உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு.

மூன்றாம் படி: வீட்டு கிட் வேண்டாம், நீதிமன்றம் ஏற்கும் பரிசோதனை

தபாலில் வரும் கிட்டில் நீங்களே கன்னத்தைத் தேய்த்து அனுப்பும் பரிசோதனையும், நீதிமன்றம் ஏற்கும் பரிசோதனையும் லேபுக்குள் கிட்டத்தட்ட ஒரே வேலைதான். வித்தியாசம் லேபுக்கு வெளியே இருக்கிறது. அந்தக் குச்சியில் இருக்கும் எச்சில் யாருடையது என்று யார் சாட்சி சொல்வார்கள்? அண்ணன் தம்பிக்குப் பதிலாகக் கொடுத்திருக்கலாம். வேறு குழந்தையின் சாம்பிளாக இருக்கலாம். அதனால்தான் நீதிமன்றப் பரிசோதனையில் சம்பந்தமில்லாத மூன்றாவது ஒருவர் அடையாள அட்டையைச் சரிபார்த்து, போட்டோ எடுத்து, கையெழுத்தோ ரேகையோ வாங்கி, அவரே சாம்பிள் எடுத்து, சீல் வைத்து அனுப்புவார். யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போனது என்று ஒவ்வொரு கட்டமும் பதிவாகும். இந்தக் காகிதச் சங்கிலிக்குத்தான் நீங்கள் கூடுதலாகப் பணம் கொடுக்கிறீர்கள்.

"முதலில் ரகசியமாக ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்" என்ற எண்ணம் எல்லாருக்கும் வருகிறது, அது புரிகிறது. ஆனால் பல இடங்களில் அது சட்ட விரோதம். பிரான்சில் நீதிபதி உத்தரவில்லாமல் தந்தைமைப் பரிசோதனை செய்யவே முடியாது. இங்கிலாந்தில் 2004-ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டத்தின்படி, ஒருவருடைய டி.என்.ஏ.வை அவர் சம்மதமின்றிப் பரிசோதிக்கும் நோக்கத்தில் அவர் உடலிலிருந்து வந்த முடியையோ எச்சிலையோ வைத்திருப்பதே குற்றம். ஜெர்மனியில் ரகசியமாக எடுத்த பரிசோதனையை நீதிமன்றம் ஏற்பதில்லை. ஆனால் தந்தை, தாய், குழந்தை மூவரில் யாரும் மற்ற இருவரின் சம்மதத்தைச் சட்டப்படி கேட்டுப் பெற 2008-ல் வழி செய்துவிட்டார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு அது. சந்தேகத்தை மூடி மறைக்காமல் அதற்கு ஒரு நேர்வழி கொடுத்திருக்கிறார்கள்.

லேபைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே கேள்வி கேட்டால் போதும்: "உங்கள் அறிக்கையை இந்த நீதிமன்றம் ஏற்குமா?" பரிசோதனைக் கூடங்களின் தரத்துக்கான சர்வதேச அங்கீகாரமான ஐ.எஸ்.ஓ. 17025 இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் நீதிமன்றமே லேபைக் குறித்துக் கொடுத்துவிடும். அப்போது வேறெங்கும் போக வேண்டாம்.

செலவை யார் ஏற்பது என்பதை மனுவிலேயே எழுப்புங்கள். பொதுவாகப் பரிசோதனை கேட்டவர் முதலில் கட்டுவார், பிறகு முடிவைப் பொறுத்து நீதிபதி மாற்றலாம். அமெரிக்காவில் மாநில ஜீவனாம்ச அலுவலகம் உத்தரவிட்ட பரிசோதனை என்றால் முன்பணம் அந்த அலுவலகமே கட்டும், தந்தை என்று நிரூபணமானால் அவரிடம் வசூலிக்கலாம். வசதி இல்லை என்றால் இலவச சட்ட உதவியை விசாரியுங்கள்.

எதிர்த்தரப்பு சாம்பிள் தர மறுத்தால்? பிடித்து இழுத்து எடுப்பது அரிது. ஆனால் மறுப்புக்கு விலை உண்டு. இங்கிலாந்தின் 1969-ஆம் ஆண்டு குடும்பச் சட்டச் சீர்திருத்தச் சட்டம், மறுப்பிலிருந்து பொருத்தமான முடிவுக்கு வரலாம் என்று நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. இந்தியாவிலும் உத்தரவை மீறி மறுப்பவருக்கு எதிராக நீதிபதி அனுமானம் கொள்ளலாம்.

நான்காம் படி: சாம்பிள் கொடுக்கும் நாள்

ஊசி கிடையாது. பஞ்சு முனையுள்ள குச்சியால் இரண்டு கன்னத்தின் உட்புறத்தையும் தேய்ப்பார்கள், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு, டீ, சிகரெட் வேண்டாம். பிறந்த குழந்தைக்கும் செய்யலாம். தாய்ப்பால் குடித்த உடனே எடுத்தால் தாயின் செல்கள் கலக்கும் என்பதால் பால் கொடுத்துக் கொஞ்ச நேரம் விட்டுக் கூட்டிப்போங்கள். அடையாள அட்டை, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், நீதிமன்ற உத்தரவின் நகல் மூன்றும் கையில் இருக்கட்டும்.

இருவரும் ஒரே அறையில் உட்கார வேண்டியதில்லை. வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருந்தாலும் லேப் அங்கே ஒருவரை ஏற்பாடு செய்து சாம்பிள் எடுக்கும். வன்முறை நடந்த உறவு என்றால் வேறு வேறு நேரம் கேளுங்கள், தயங்காதீர்கள்.

தாயும் சாம்பிள் கொடுப்பது நல்லது. கட்டாயமில்லை என்று லேபில் சொல்வார்கள், ஆனாலும் கொடுங்கள். காரணம் அடுத்த படியில் புரியும்.

அங்கே மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில உண்டு. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டவரின் இரத்தத்தில், சில சமயம் எச்சிலிலும், தானம் கொடுத்தவரின் டி.என்.ஏ. தெரியலாம். சமீபத்தில் இரத்தம் ஏற்றியிருந்தாலும் சொல்லுங்கள். தந்தையாக இருக்கக்கூடிய இன்னொருவர் இவருடைய அண்ணனோ தம்பியோ என்றால் அதை லேபிடம் அவசியம் சொல்ல வேண்டும், அப்போதுதான் டி.என்.ஏ.வில் கூடுதல் இடங்களைப் பார்ப்பார்கள். அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருக்கும் இரட்டையர்களில் யார் தந்தை என்று வழக்கமான பரிசோதனையால் பிரிக்க முடியாது.

கர்ப்பமாக இருக்கும்போதே தெரிய வேண்டும் என்றால், குழந்தையின் டி.என்.ஏ. துணுக்குகள் தாயின் இரத்தத்திலேயே மிதக்கின்றன என்று 1997-ல் விஞ்ஞானி டென்னிஸ் லோ குழுவினர் கண்டுபிடித்தார்கள். அதை வைத்துத் தாயின் கையில் இரத்தம் எடுத்தே இப்போது பார்க்க முடிகிறது. கர்ப்பப்பைக்குள் ஊசி செலுத்தி நீர் எடுக்கும் முறையில் கருச்சிதைவு அபாயம் கொஞ்சம் உண்டு. ஜீவனாம்சத்துக்காக மட்டும் அந்த அபாயத்தை ஏற்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. குழந்தை பிறக்கட்டும், கன்னத்தைத் தேய்த்தால் போதும்.

ஐந்தாம் படி: அறிக்கையை வாசிப்பது

அறிக்கையில் ஒரு அட்டவணை இருக்கும். பார்த்ததும் பயந்து கடைசி வரிக்குத் தாவிவிடாதீர்கள். அது எளிமையானதுதான்.

நம் டி.என்.ஏ.வில் சில இடங்களில் ஒரே சிறு துண்டு அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். லேப் இப்படி 15 முதல் 24 இடங்கள் வரை எண்ணிப் பார்க்கும். ஒவ்வொரு இடத்திலும் ஒருவருக்கு இரண்டு எண்கள், ஒன்று தாய் வழி, ஒன்று தந்தை வழி. ஓர் இடத்தில் குழந்தைக்கு 11, 14 என்று வைத்துக்கொள்வோம். தாய்க்கு 11, 12. அப்படியானால் குழந்தையின் 11 தாயிடமிருந்து வந்தது, 14 தந்தையிடமிருந்து வந்தாக வேண்டும். பரிசோதிக்கப்படும் ஆணுக்கு 9, 14 என்றால் பொருந்துகிறது. 9, 10 என்றால் பொருந்தவில்லை. தாயின் சாம்பிள் இல்லாவிட்டால் தந்தை வழி வந்தது 11-ஆ 14-ஆ என்றே தெரியாது. தாயும் கொடுப்பது நல்லது என்றது இதற்காகத்தான்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் பொருந்தவில்லை என்றால் உடனே "இவர் இல்லை" என்று சொல்லிவிட மாட்டார்கள். தலைமுறை மாறும்போது எண்ணிக்கை அபூர்வமாக ஒன்று கூடும், குறையும். லேப் அதைக் கணக்கில் எடுத்து இன்னும் சில இடங்களைப் பார்க்கும். பல இடங்களில் பொருந்தாமல் போனால்தான் தந்தை அல்ல என்ற முடிவு வரும்.

எல்லா இடமும் பொருந்தினால் ஒரு எண் கொடுப்பார்கள். 10,000 என்று இருந்தால், சம்பந்தமில்லாத யாரோ ஒருவர் தந்தையாக இருப்பதைவிட இவர் தந்தையாக இருந்தால் இந்தப் பொருத்தம் வர 10,000 மடங்கு வாய்ப்பு என்று அர்த்தம். தொடக்கத்தில் இரண்டு பக்கமும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொண்டு அதையே சதவீதமாக்கினால் 99.99. "ஏன் 100 போடவில்லை, அந்த 0.01-ல் நான் தப்பலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. உலகத்தின் எல்லா ஆண்களையும் பரிசோதிக்கவில்லை என்பதால்தான் 100 வருவதில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்கள் பின்பற்றும் மாதிரிச் சட்டத்தில் 99 சதவீதமும் 100 மடங்கும் இருந்தாலே தந்தை என்று கொள்ளலாம். 'தந்தை அல்ல' என்ற முடிவை மட்டும் லேப் 0 சதவீதம் என்றே எழுதும்.

அறிக்கை தவறாக இருக்கும் என்று நினைத்தால் குறித்த காலத்துக்குள் ஆட்சேபம் போட்டு மறுபரிசோதனை கேட்கலாம். நம்ப முடியவில்லை என்பது காரணம் ஆகாது. அடையாளத்தில் குழப்பம், சீல் உடைந்திருந்தது, உறவினர் விவரம் லேபுக்குப் போகவில்லை என்பது போன்ற காரணம் வேண்டும்.

அபூர்வமாக உடம்பே ஏமாற்றும். 2002-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பெண் அரசு உதவிக்கு விண்ணப்பித்தபோது, பரிசோதனை அவரே தன் குழந்தைகளுக்குத் தாய் இல்லை என்று சொன்னது. தன் வயிற்றில் சுமந்து பெற்ற பிள்ளைகளை இழக்கும் நிலைக்கு வந்தார். கடைசியில் அவர் உடம்பிலேயே இரண்டு வகை டி.என்.ஏ. இருப்பது தெரிந்தது. கருவிலேயே இரட்டையர் ஒன்றாகக் கலந்தால் இப்படி ஆகும். உங்களுக்கு இது நேர வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அறிக்கை ஒரு சாட்சிதான், தீர்ப்பு அல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தீர்ப்பு சாட்சியத்தையே மீறிய காலமும் இருந்தது. 1940-களில் சார்லி சாப்ளின் மீது தந்தைமை வழக்கு. குழந்தைக்கு பி வகை இரத்தம், தாய்க்கு ஏ, சாப்ளினுக்கு ஓ. அவர் தந்தையாக இருக்கவே முடியாது. கலிஃபோர்னியா சட்டத்தில் அந்தப் பரிசோதனை இறுதிச் சான்று அல்ல என்பதால் 1945-ல் ஜூரிகள் அவரையே தந்தை என்றார்கள், வாரம் 75 டாலர் கட்டச் சொன்னது நீதிமன்றம். அதற்குப் பிறகுதான் அங்கே சட்டம் மாறியது. ஆளை அடையாளம் காட்டும் டி.என்.ஏ. ரேகையை இங்கிலாந்தின் லெஸ்டரில் விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரிஸ் கண்டுபிடிக்க 1984 வரை ஆயிற்று.

ஆறாம் படி: 'ஆம்' என்று வந்தால்

தொகை எவ்வளவு என்று டி.என்.ஏ. சொல்லாது. இனி வழக்கு சம்பளப் பட்டியலுக்கும் வங்கிக் கணக்குக்கும் போகிறது. இரு பெற்றோரின் வருமானம், குழந்தையின் செலவு, குழந்தை யாரிடம் எத்தனை இரவு தங்குகிறது, கட்டுபவர் பார்த்துக்கொள்ள வேண்டிய வேறு பிள்ளைகள் எல்லாம் கணக்கில் வரும். தாய் இன்றே ஒரு நோட்டு போட்டுப் பள்ளிக் கட்டணம், மருத்துவம், பால், துணி எல்லாவற்றையும் ரசீதோடு எழுதி வையுங்கள். குத்துமதிப்பாகச் சொல்லும் தொகையை எதிர்த்தரப்பு பாதியாக்கிவிடும்.

குழந்தையைப் பார்க்கும் உரிமையும் ஜீவனாம்சமும் வேறு வேறு. பணம் வரவில்லை என்று தந்தையைப் பார்க்கவிடாமல் தடுப்பதும், பார்க்கவிடவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் இரண்டுமே உங்கள் வழக்கைத்தான் கெடுக்கும். தந்தை என்று நிரூபணமானவர் பார்க்கும் உரிமைக்குத் தனியாக மனு போடலாம், போடவும் வேண்டும்.

'இல்லை' என்று வந்தால்

ஏற்கெனவே ஜீவனாம்ச உத்தரவு இருந்தால், லேப் அறிக்கை வந்ததும் அது தானாக ரத்தாகாது. நீதிமன்றம் மாற்றும்வரை கட்டுங்கள், அன்றைக்கே மாற்றக் கோரி மனு போடுங்கள். அமெரிக்காவில் 1986-லிருந்து, சேர்ந்துவிட்ட நிலுவையைப் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது. அதனால் மனு போடுவதில் ஒவ்வொரு நாளும் கணக்கு. கட்டிய பணம் திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் அரிது. சில இடங்களில், பல வருடம் தந்தையாகவே வளர்த்தவரை முடிவு எதிராக வந்தாலும் நீதிமன்றம் தந்தையாகவே வைத்திருக்கும். அது அந்த ஆணுக்கு வலிக்கும் என்பது உண்மை. எட்டு வயதுக் குழந்தைக்கு ஒரே நாளில் அப்பா இல்லாமல் போவதையும் யாராவது ஒருவர் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தந்தை எனப்படுபவர் இறந்துவிட்டால்

வழக்கு முடிந்துவிடாது. அவருடைய பெற்றோர் இருவரும் சாம்பிள் கொடுத்தால் நல்ல முடிவு கிடைக்கும். குழந்தை ஆண் என்றால், அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோமை அவருடைய அப்பாவுடனோ சகோதரர்களுடனோ ஒப்பிடலாம், ஆனால் அது அந்த ஆண் வாரிசுத் தொடரைத்தான் காட்டும், குறிப்பிட்ட ஆளை அல்ல. மருத்துவமனையில் அவருடைய திசு ஏதாவது பாதுகாத்து வைத்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள், சீக்கிரம் விசாரியுங்கள்.

குழந்தையிடம் என்ன சொல்வது

சின்னக் குழந்தையிடம் "எச்சில் டெஸ்ட்" என்றால் போதும். சாம்பிள் எடுக்கும் இடத்தில் சண்டை போடாதீர்கள். கன்னத்தைத் தேய்த்ததைக் குழந்தை மறந்துவிடும், அப்பா அம்மா கத்திக்கொண்டதை மறக்காது. விவரம் தெரிந்த பிள்ளைக்கு முடிவை வேறு யாராவது சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுங்கள். இங்கிலாந்தில் 16 வயது ஆனவர் தானே சம்மதம் தர வேண்டும். சட்டம் கேட்காத இடத்திலும் அந்த வயதுப் பிள்ளையிடம் கேளுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கிப் பிறப்புப் பதிவு அலுவலகத்தில் கொடுத்துச் சான்றிதழில் தந்தை பெயரைத் திருத்துங்கள் அல்லது சேர்த்துவிடுங்கள். பிற்காலத்தில் பாஸ்போர்ட், சொத்துரிமை, காப்பீடு என்று எதற்குப் போனாலும் கேட்கப்போவது அந்தச் சான்றிதழைத்தான். லேப் அறிக்கையின் ஒரு நகலையும் தீர்ப்பின் ஒரு நகலையும் குழந்தையின் பெயர் எழுதிய தனிக் கோப்பில் வையுங்கள்.